அடித்தவர்தான் சொல்ல வேண்டும்

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வாலுவை அழைத்துக்கொண்டு கிளம்பி மூன்று நாளாகிறது. கார் திரும்பும்வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். நீ என் பக்கம் பார்க்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் நின்றேன். பின்சீட்டில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே உன் மகளின் தலை அசையாமல் இருந்தது மட்டும் தெரிந்தது. ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கத் தெரியாது என்றுதானே அவளுக்கு நாம் அந்தப் பெயரையே வைத்தோம்.

ஆறு நாளும் நீ அவள் கட்டிலருகே இருந்தாய். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "யார் அடிச்சது?" நான் "ஆட்டத்துல பட்டதுக்கா" என்றேன். அதற்குள் நர்ஸ் உன்னைக் கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பதிலோடு நிறுத்தக்கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சி முடியும் நேரம். அவள் கோர்ட்டின் நடுவில் நின்றாள். பந்து அவளைத் தாண்டிப் பின்மூலைக்குப் போனது. பின்னால் போன பந்தைத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் அடுத்த அடி எங்கே போகும் என்று தெரியும். அது என் அணியில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது. அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் இருந்தவர் அடித்த பந்து முன்சுவருக்குப் போகாமல் அவள் கண்ணில் பட்டது. பாதுகாப்புக் கண்ணாடி அப்போது அவள் முகத்தில் இல்லை.

இருபது வருடமாக இந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஸ்குவாஷ் அணி என் கையில் இருக்கிறது. சுளுக்கு, வீங்கிய மணிக்கட்டு, ஒருமுறை உடைந்த பல். கண் இதுதான் முதல். ஸ்குவாஷ் பந்து எலுமிச்சம்பழத்தைவிடச் சிறியது. கண்குழிக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் இதைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறேன். பயம் என்றால் என்ன என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. பெண்கள் ஆடும்போது நான் பந்தைப் பார்ப்பதில்லை. எல்லார் கண்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்பது போல.

அவளுடைய பை, மட்டை, ஷூ, துண்டுகள், ஹாஸ்டல் அறையில் இருந்த புத்தகங்கள் எல்லாவற்றையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். போனை நீ எடுக்கவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது.

உன் தங்கை


மார்ச் 13

தங்கைக்கு,

போன் பண்ணாதே. மணி அடித்தால் அவள் தலை தானாகத் திரும்புகிறது. டாக்டர் தலையை அசைக்கவே கூடாது என்றிருக்கிறார். என் போன், உன் அத்தான் போன் இரண்டையும் அணைத்து மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். மேலும், போனில் நான் பேசினால் பேச்சாக இருக்காது. அடுத்த அறையில் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். எழுது. காகிதத்தில் கத்த முடியாது.

எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறாய். கருவிழிக்குள் கீழ்ப்பாதியில் ரத்தம் தேங்கி நிற்கிறது, கண்ணாடித் தம்ளரில் பாதி டீ நிற்பது போல. அவள் சாய்ந்தால் அதுவும் சாய்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் சொட்டு மருந்து விட வேண்டும். ஒரு மருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இன்னொன்று ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. தூங்கும்போது துளை போட்ட தகர மூடி ஒன்றைக் கண்மேல் வைத்து ஒட்டுகிறேன். இந்த ரத்தம் வடிய வேண்டும். வடிவதற்குள் மறுபடி கசிந்தால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார் டாக்டர். வடிந்த பிறகுதான் உள்ளே என்ன கிழிந்திருக்கிறது என்று பார்க்கவே முடியுமாம்.

குனியக்கூடாது, இருமக்கூடாது, சிரிக்கவும் கூடாது. அதனால் உன் அத்தானை அறைக்குள் விடுவதில்லை. பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து, அறை வாசலில் நின்றுகொண்டு, "உள்ள சீட் இருக்கா, ஸ்டாண்டிங்தானா?" என்று கேட்கிறார். அதற்கே அவள் உதடு துடிக்கிறது. போய்விடுங்கள் என்று கையால் விரட்டினேன். கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

யாரடி அடித்தது என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அடிச்சவங்கதாம்மா சொல்லணும். நான் சொல்லக்கூடாது. அது எங்க டீம் வழக்கம்." நீ சொல்லிக்கொடுத்த வழக்கமா இது? ஊரில் எவள் கண்ணைக் குத்தினாலும் குத்தியவளாக வந்து சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிரு என்பதா? உன் கடிதத்திலும் "பின்னால் இருந்தவர்" என்றுதான் இருக்கிறது. பின்னால் இருந்தவருக்குப் பெயர் இல்லையா?

பை வந்தது. எல்லாம் இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. அதை உடனே அனுப்பு.


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாற்காலியில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. கோர்ட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். பாதி டீ என்று நீ எழுதியிருந்தாய். அன்றிலிருந்து எந்தத் தம்ளரிலும் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

ஆமாம், அந்த வழக்கம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். இந்த ஆட்டத்தில் பந்து தரையில் இரண்டு முறை பட்ட பிறகு நீ அடித்திருந்தாலோ, உன் உடையில் அது உரசியிருந்தாலோ பாயிண்ட் எதிராளிக்கு. அது உனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். நடுவர் பார்த்திருக்க மாட்டார். நீயே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். எதிராளி அதைச் சொல்வது அழகில்லை. அவள் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள், அவ்வளவுதான். புதுப் பெண்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொடுக்கிறேன். தன் பந்தைத் தானே சொல்லாதவளை அடுத்த நாள் வரவேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேரை. ஒருத்தி நன்றாக ஆடக்கூடியவள்.

ஆக, வாலு காத்திருக்கிறாள். அது எனக்குப் புரிகிறது அக்கா.

இங்கே எல்லாரும் பயந்து போயிருக்கிறார்கள். எங்கள் கேப்டனை உனக்குத் தெரியும், போன வருடம் உன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கியவள். வழியில் யாராவது நின்றால் அடிக்காமல் நிறுத்தி 'லெட்' கேட்பது வழக்கம், பாயிண்டைத் திரும்ப ஆடுவார்கள். இப்போது அவள் இரண்டு பந்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேட்கிறாள். அடுத்த மாதம் போட்டி. இப்படி ஆடினால் ஒரு ஆட்டம் முடிய விடிந்துவிடும் என்று ஒருத்தி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகம் அறிக்கை கேட்டது. நாலு வரி எழுதிக் கொடுத்தேன். 'எதிர்பாராத விதமாக' என்று ஒரு சொல் அதில் இருக்கிறது.

கண்ணாடியைத் தேடுகிறேன். கிடைத்ததும் அனுப்புகிறேன்.

உன் தங்கை


மார்ச் 19

தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. ஞாயிறு மதியம் தலைவலி என்றாள். சற்று நேரத்தில் வாந்தி. குனியக்கூடாத பிள்ளை வாந்தி எடுத்தால் எப்படி எடுக்கும் என்று யோசித்துப் பார். நான் அவள் நெற்றியைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டே இருந்தேன், உன் அத்தான் கிண்ணத்தை ஏந்திக்கொண்டிருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் இரண்டு மடங்காகியிருக்கிறது, இன்னும் இறங்காவிட்டால் நரம்பு போய்விடும் என்றார். இரண்டு நாள் ஊசி, மாத்திரை. கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று கேட்டேன். தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இன்று அரைநாள் கடைக்குப் போனேன். ஒரு ஹோட்டலுக்கு நாற்பது ஜன்னல் திரைகள் தைத்துக்கொடுக்க வேண்டும், முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? போனவள் ஒரு காரியம் செய்தேன். அளவு நாடாவை இடது கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கப் பார்த்தேன். முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு கோப்பேன் என்று பீற்றிக்கொள்பவள் நான். நூல் ஊசிக்கு முன்னால் போகிறது, பின்னால் போகிறது, துளைக்குள் போகமாட்டேன் என்கிறது. எது கிட்டே, எது தூரம் என்றே தெரியவில்லை. அரை மணி நேரம். பக்கத்து மிஷின்காரி, "என்னக்கா, கண்ணாமூச்சியா?" என்றாள். அவளை அறைந்திருப்பேன்.

நீ பெயர் சொல்லவில்லை. என் மகளும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? அவள் எப்போதும் கேப்டனோடுதான் ஜோடி போட்டு ஆடுவாள், போன விடுமுறையில் அவளே சொன்னாள். என் வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டவள், ஒரு கடிதம் போட அவளுக்குக் கை வரவில்லை. அதனால் நானே அவளுக்கு எழுதிவிட்டேன். என் மகள் காத்திருக்கட்டும். நான் எந்த அணியிலும் இல்லை.

கண்ணாடி இன்னும் வரவில்லை. பெரிய கட்டடம், தேடுகிறாயாக்கும்.


மார்ச் 23

அக்கா,

அழுத்தம் இறங்கிவிட்டதா? அதை மட்டும் முதலில் எழுது. ஒரு தபால் அட்டையில் 'இறங்கிவிட்டது' என்று ஒரு சொல் போதும்.

கேப்டன் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். 'உன் கையைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு என் மகளின் கண் ஞாபகம் வரட்டும்' என்று எழுதியிருக்கிறாய். அவள் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "மேடம், நான் அந்த நேரத்துல கோர்ட்லயே இல்ல. குளிச்சிட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியும்ல? இவங்களுக்கு நான் என்னன்னு எழுதட்டும்?" என்றாள். நீ எழுதாதே, நான் எழுதுகிறேன் என்றேன். போகாமல் நின்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண்களுக்கு அப்படி நிற்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

அவள் அடிக்கவில்லை அக்கா. அவளுக்கு ஒரு வரி மாற்றி எழுதிவிடு. நேற்றிலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை.

கண்ணாடியைத் தேடுகிறேன் என்று எழுதியது பொய். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், மறுபடி உள்ளே வைத்துவிடுகிறேன். அனுப்ப முடியவில்லை. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

உன் தங்கை


மார்ச் 26

அன்புள்ள தங்கைக்கு,

அழுத்தம் இறங்கிவிட்டது. ரத்தமும் வடிந்துகொண்டு வருகிறது. கால் தம்ளருக்கு வந்துவிட்டது. வரும் வாரம் உள்ளே பார்ப்பார்கள். இதை முதலில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

கேப்டனுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டுவிட்டேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் இங்கிருந்து கிளம்பிய அன்று படுக்கையை எவ்வளவு ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுப் போனாள் என்பதெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நீ ஏன் கண்ணாடியை அனுப்பவில்லை, ஏன் யார் பெயரையும் சொல்லவில்லை, எல்லாம். முதல் நாளிலிருந்தே எனக்கு அந்தப் பயம்தான். அதை வெளியே விடாமல் இருக்கத்தான் அத்தனை பேர் மேலும் எரிந்து விழுந்தேன்.

டிசம்பர் விடுமுறையில் வந்தபோது அந்தக் கண்ணாடியின் பட்டை தளர்ந்திருந்தது. புதுசு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "பட்டைதானே, நான் தச்சுத் தரேன். கடையில வாங்கறதெல்லாம் ரெண்டு மாசம் வருமா?" என்றேன். என் கைமேல் எனக்கு அவ்வளவு திமிர். ஹோட்டல் திரைக்கு வந்த எலாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி, நானே தைத்து மாட்டிவிட்டேன். அன்றைக்கு அவசரம். இரட்டைத் தையல் போட்டேனா, ஒற்றையோடு விட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு முறை சொட்டு மருந்து விடும்போதும் அந்தத் தையலைத்தான் மனசுக்குள் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆட்டத்தின் நடுவே பட்டை பிய்ந்து விழுந்திருக்கிறது. அதனால்தான் அவள் முகத்தில் கண்ணாடி இல்லை. யார் அடித்தால் என்ன, பந்து பந்தின் வேலையைத்தான் செய்தது.

இதை நான் தெரிந்துகொள்ளக்கூடாது என்றுதானே அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாய்? வாலுவும் அதற்காகத்தானே வாயைத் திறக்கவில்லை? சின்ன வயசிலும் நீ இப்படித்தான். நான் உடைத்த ஜன்னலுக்கு நீ அடி வாங்கிக்கொண்டு நின்றாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னை ஆஸ்பத்திரியில் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தேனே, அதற்கு நான் என்ன சொல்லப் போகிறேன்.

கண்ணாடியை அனுப்பிவிடு. பரவாயில்லை. என் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு அடங்கும்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

இந்தக் கடிதத்தோடு கண்ணாடி வருகிறது. முதலில் அதைப் பார். பட்டையைப் பார். பிறகு இதைப் படி.

உன் தையல் பிரியவில்லை. இரட்டைத் தையல்தான் போட்டிருக்கிறாய். பட்டை பிய்யவும் இல்லை, அவள் முகத்திலிருந்து கண்ணாடி விழவும் இல்லை. அவள் கழற்றி வைத்தாள். வைக்கச் சொன்னவள் நான். பின்னால் இருந்தவளும் நான்தான். பந்தை நான் அடித்தேன்.

மூன்று வாரமாக எழுதாத வரி இது. இனிமேல் மற்றதை எழுதிவிடலாம்.

பயிற்சி முடிந்து எல்லாரும் குளிக்கப் போய்விட்டார்கள். "சித்தி, ஒரு கேம்?" என்றாள். கோர்ட்டுக்குள் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். சித்தி என்றால் வம்புக்கு இழுக்கிறாள் என்று அர்த்தம். மூன்று வருடத்தில் அவள் என்னிடம் ஒரு கேம்கூட ஜெயித்ததில்லை. பதினோரு பாயிண்ட் வந்தால் கேம். அன்றைக்கு அவள் பத்து, நான் எட்டு. எனக்கு நாற்பத்துநாலு வயசு. மூச்சு வாங்கியது, முழங்கால் கெஞ்சியது. அவளுக்கு வியர்த்துக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கழற்றித் துண்டால் துடைக்கப் போனாள். துடைக்கிற நேரத்தில் அவள் மூச்சு சீராகிவிடும், அதுதான் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது. "இருக்கறது ஒரு பாயிண்ட். அப்படியே வா" என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். கண்ணாடி போடாதவளைக் கோர்ட்டுக்குள் விடாத மேடம் நான். சரி என்று அதைக் கதவோரம் வைத்துவிட்டு வந்தாள்.

பந்து பின்மூலைக்கு வந்தது. அவள் எனக்கும் முன்சுவருக்கும் நடுவே நின்றாள். தெரிந்தது அக்கா. நன்றாகத் தெரிந்தது. கையை நிறுத்தி 'லெட்' என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். அவள் மறு பேச்சில்லாமல் கொடுத்திருப்பாள். ஆனால் அந்தப் பந்தை மறுபடி ஆடினால் நான் தோற்றுவிடுவேன் என்று பட்டது. அவள் தோளுக்கும் பக்கச்சுவருக்கும் இடையில் ஒரு சந்து இருந்தது. அதில் போய்விடும் என்று அடித்தேன். அதே நேரத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள், நான் சொல்லிக்கொடுத்தபடி.

இன்னும் ஒன்று இருக்கிறது. விதிப் புத்தகத்தின்படி, நேரே முன்சுவருக்குப் போகிற பந்து வழியில் நிற்பவர்மேல் பட்டால் பாயிண்ட் அடித்தவருக்கு. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்ட அந்த ஒரு கணத்தில் என் மனசுக்குள் 'பத்து, ஒன்பது' என்று ஓடியது. உடனே அலறிக்கொண்டு ஓடினேன். ஆனால் எண் முதலில் ஓடியது. இதை யாரிடமும் சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை.

கண்ணாடியை நான் ஒளித்தது உனக்காக இல்லை. அது நல்ல நிலையில் இருப்பதை நீ பார்த்துவிட்டால் அடுத்த கேள்வி என்னிடம் வரும் என்ற பயத்தில் ஒளித்தேன். அதனால் நீ இத்தனை நாள் உன் தையலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஜன்னல் கதையை எழுதியிருந்தாய். அன்றைக்கு அடி வாங்கியபோது எனக்கு எட்டு வயசு. அந்த வயசில் எனக்கு இருந்த தைரியம் எங்கே போனது என்று தெரியவில்லை.

உள்ளே பார்த்துவிட்டு டாக்டர் என்ன சொன்னாலும் எனக்குத் தெரிய வேண்டும். எழுத மனமில்லையென்றால் அத்தானையாவது எழுதச் சொல்.

உன் தங்கை


ஏப்ரல் 4

கண்ணாடி வந்தது.

பட்டையைக் காலில் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். பிறகு உன் அத்தானை இழுக்கச் சொன்னேன். ஒரு நூல் அசையவில்லை.

உள்ளே விழித்திரையில் ஒரு கிழிசல். லேசர் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது நிற்குமா என்று ஒரு மாதம் போனால்தான் தெரியும்.

இனி எழுதாதே.


ஏப்ரல் 20

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள். பதில் வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்குப் புது அறிக்கை கொடுத்தேன். 'எதிர்பாராத விதமாக' என்பது அதில் இல்லை. விசாரணை முடியும்வரை கோர்ட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. அறிக்கை கொடுப்பதற்கு முன் அணியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கையைத் தூக்கினேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பந்தை அடித்தது நான் என்றேன். பத்து, ஒன்பது என்று எண்ணியதையும் சொன்னேன். ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். முன்பு இரண்டு பேரை அனுப்பிவிட்டேன் என்று எழுதினேனே, அதில் ஒருத்தியின் தோழி அவள். அவள் போனது நியாயம்தான்.

கேப்டன் கடைசிவரை இருந்தாள். எல்லாரும் போன பிறகு, "உங்க அக்கா எனக்கு எழுதின ரெண்டாவது லெட்டர் நல்லா இருந்துச்சு மேடம்" என்றாள். போட்டிக்கு அவர்களை அழைத்துக்கொண்டு போவது அவள்தான்.

இப்போது பின்சுவருக்கு வெளியே நின்று பார்க்கிறேன். அது முழுக்கக் கண்ணாடி, உனக்குத் தெரியும். பந்து என் முகத்தை நோக்கி வந்து அதில் மோதும். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்கிறேன். இருபது வருடமாக மூடாத கண்.

ஒரு மாதம் என்று எழுதியிருந்தாய். நாள்காட்டியை எடுத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை


மே 6

தங்கைக்கு,

நேற்று டாக்டரிடம் போனோம். ஒட்டியது நிற்கிறது. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் கடைசி இரண்டு வரி தவிர மீதியைப் படித்தாள். அந்தக் கண்ணின் பாவை மட்டும் சரியாகச் சுருங்கவில்லை, வெளிச்சம் பட்டால் கூசுகிறது. ஓரத்தில் ஒரு நிழல் இருக்கிறதாம், எப்போதும் யாரோ பக்கத்தில் நிற்பது போல. அழுத்தத்தை வருடா வருடம் பார்க்க வேண்டும். எத்தனை வருடம் என்று கேட்டேன். உயிரோடு இருக்கும்வரை என்றார். கோர்ட்டைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசலாமாம். 'பேசலாம்' என்றுதான் சொன்னார்.

மார்ச் கடைசியில் கண்ணாடியோடு வந்த உன் கடிதத்தை அவளுக்குப் போன வாரம்தான் படித்துக் காட்டினேன். அதுவரை என்னால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள். பத்து, ஒன்பது என்று நீ எழுதியிருந்த இடத்தைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடியில் கவிழ்த்தேன். அவளோ, "சொல்லிட்டாங்களா?" என்றாள். ஒரு பெருமூச்சு. அப்புறம் சொன்னாள், "ரூல்படி பாயிண்ட் சித்திக்குத்தாம்மா. பத்து-ஒன்பது. கேம் இன்னும் முடியல." எனக்கு வந்த கோபத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். உன் அத்தான் வாசலில் நின்றபடி, "மேட்சை டிப்போவுலயே நிறுத்தி வைங்க" என்றார். இப்போது சிரிக்கலாம் என்பதால் அவள் சிரித்தாள். இரண்டு மாதமாகக் கேட்காத சத்தம்.

நான் சிரிக்கவில்லை. உன்மேல் கோபம் போகவில்லை. போகும் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒன்றை எழுதத்தான் வேண்டும். உன் கடிதம் வந்த அன்று, பட்டையை இழுத்துப் பார்த்தபோது, முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை. என் தையல் போகவில்லை என்ற சந்தோஷம். மகளின் கண் அப்படிக் கிடக்கும்போது தாய்க்கு அந்தச் சந்தோஷம் வந்தது. உனக்கு எண் முதலில் ஓடியது என்றாயே, எனக்கு இது முதலில் ஓடியது. அன்றைக்கு உனக்கு 'எழுதாதே' என்று எழுதியதில் பாதி இந்த வெட்கம்தான்.

டாக்டர் இப்போது பந்தைக் கையால் எறிந்து பிடிக்கலாம் என்றிருக்கிறார். எது கிட்டே, எது தூரம் என்று கண் மறுபடி பழக வேண்டுமாம். நடைவழிச் சுவரில் எறிகிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான். என் தையல்மேல் இன்னொரு வரிசை ஓட்டியிருக்கிறேன், யானை இழுத்தாலும் வராது. நான் இங்கே கூடத்தில் உட்கார்ந்து திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டு சத்தத்தை எண்ணுகிறேன். டொப் என்றால் சுவரில் பட்டது. அடுத்து ஒரு சின்னச் சத்தம் கேட்டால் கையில் பிடித்தாள். அந்த இரண்டுக்கும் நடுவே நான் மூச்சு விடுவதில்லை. நேற்று நூற்றுப்பன்னிரண்டு வரை எண்ணினேன்.

இதோ, சத்தம் நின்றுவிட்டது. இரு, பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை. பந்து பீரோவுக்கு அடியில் உருண்டுவிட்டது. அவள் குனிய வேண்டாம் என்று நானே தரையில் படுத்து எடுத்துக் கொடுத்தேன். என் கை அந்தப் பந்தைத் தொட்டது இதுதான் முதல் முறை. எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தரையிலேயே கிடந்தேன். இவ்வளவு சின்னது.

மறுபடி ஆரம்பித்துவிட்டாள். விசாரணை முடிந்ததும், என்ன முடிவானாலும், கிளம்பி வா. ஆட அல்ல, மட்டையை அங்கேயே வைத்துவிட்டு வா. என்னால் தனியாக எண்ண முடியவில்லை.

அக்கா